ஒற்றை மாணவிக்கு ஒரு வகுப்பு

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் கனாவா ஆற்றோரம் இன்ஸ்டிட்யூட் என்றொரு சிற்றூர். கறுப்பின மாணவர்களுக்கென்று ஏற்பட்ட மேற்கு வர்ஜீனியா ஸ்டேட் கல்லூரி அங்கேதான் இருந்தது. 1930-களின் நடுவில் அந்தக் கல்லூரியில் முப்பரிமாணப் பகுமுறை வடிவியல் வகுப்பு ஒன்று நடந்தது. பாடம் எடுத்தவர் வில்லியம் ஷிஃபலின் கிளேட்டர். அமெரிக்கக் கறுப்பினத்தவரில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற மூன்றாமவர் அவர். வகுப்பில் இருந்ததோ ஒரே ஒரு மாணவி. அந்தப் பாடத்தையே அந்த ஒரு பெண்ணுக்காகத்தான் அவர் புதிதாகச் சேர்த்திருந்தார்.

கேத்தரின் கோல்மன் என்ற அந்தப் பெண், கல்லூரியில் இருந்த கணிதப் பாடங்களையெல்லாம் அதற்குள் படித்து முடித்துவிட்டார். நீ நல்ல ஆராய்ச்சிக் கணிதவியலாளராக வருவாய் என்று கிளேட்டர் சொன்னபோது, அவர்கள் என்ன வேலை செய்வார்கள் என்று கேட்டார். அதை நீயே கண்டுபிடித்துக்கொள் என்றார் ஆசிரியர். எங்கே வேலை கிடைக்கும் என்று அடுத்த கேள்வி. அதுவும் உன் பாடு, உன்னைத் தயார்செய்வது என் வேலை என்று பதில் வந்தது. வயது முதிர்ந்த பிறகும் பேட்டிகளில் கேத்தரின் இந்த உரையாடலை மறக்காமல் சொல்லிவந்தார்.

1937-இல், 18 வயதில் அவர் பட்டம் பெற்றார். 1962-இல் விண்வெளி வீரர் ஜான் கிளென் விண்கலத்தில் பூமியைச் சுற்றக் கிளம்புமுன், கணினி போட்ட கணக்கை அந்தப் பெண் ஒருமுறை கையால் சரிபார்க்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பெண்தான், மணத்துக்குப் பின் கேத்தரின் ஜான்சன் ஆகியிருந்த கேத்தரின் கோல்மன். 'ஹிட்டன் ஃபிகர்ஸ்' திரைப்படம் பார்த்த தமிழர்களுக்கு அவரைத் தெரியும். அவரை ஆளாக்கிய கிளேட்டரைத் தெரிந்தவர்கள் குறைவு.

முனைவர் பட்டமும், கணித உலகம் மதிக்கும் ஆய்விதழில் கட்டுரையும் கொண்ட ஒருவர் ஏன் ஒரு சின்னக் கல்லூரியில் ஒற்றை மாணவிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்? அமெரிக்கக் கறுப்பினப் பேராசிரியர்களுக்கும் அவர்களுடைய மாணவர்களுக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் தழைத்த உறவின் வரலாறு இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது. தங்கள் முன் சாத்தப்பட்ட கதவுகளை அந்த ஆசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு திறந்தார்கள்.

சாத்திய கதவுகளுக்குள்ளே

உள்நாட்டுப் போருக்கு முன்பு தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது சட்டப்படி குற்றம். 1865-இல் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்ததும் முதலில் எழுந்த கோரிக்கைகளில் ஒன்று பள்ளிக்கூடம். டென்னசியின் நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் 1866-இல் தொடங்கியது. வாஷிங்டனில் ஹவார்ட் பல்கலைக்கழகமும், பின்னாளில் அட்லான்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியாக வளர்ந்த பள்ளியும் 1867-இல் பிறந்தன. இந்த நிறுவனங்களின் தலைமையில் நெடுங்காலம் வெள்ளைக்கார மதப்பணியாளர்களே இருந்தார்கள். மோர்ஹவுஸுக்கு ஜான் ஹோப் 1906-இலும், ஹவார்டுக்கு மார்டெகாய் ஜான்சன் 1926-இலும்தான் முதல் கறுப்பினத் தலைவர்களாக வந்தனர்.

இதற்கிடையே ஹார்வர்ட், சிகாகோ, பென்சில்வேனியா போன்ற இடங்களில் விரல்விட்டு எண்ணத்தக்க கறுப்பின மாணவர்கள் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகங்கள் வேலை கொடுக்கவில்லை. 1942-இல் சிகாகோ பல்கலைக்கழகம் மானிடவியலாளர் அலிசன் டேவிஸை ஆசிரியராக நியமித்தது பெரிய செய்தியானது. அதுவரை இந்த அறிஞர்களுக்குப் போக்கிடம் கறுப்பினக் கல்லூரிகள் மட்டுமே. விளைவாக, 1930-களில் ஹவார்ட் வளாகத்தில் நடந்துபோன ஒரு மாணவரால் ஒரே நாளில் தத்துவவாதி ஆலன் லாக்கையும், உயிரியலாளர் எர்னஸ்ட் ஜஸ்டையும், பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ரால்ஃப் பன்ச்சையும், சமூகவியலாளர் ஃப்ராங்க்ளின் ஃப்ரேசியரையும் எதிர்கொள்ள முடிந்தது. நாடு ஒதுக்கித் தள்ளியவர்கள் ஓரிடத்தில் சேர்ந்திருந்தார்கள்.

கிளேட்டரும் அந்த வளாகத்தில் உருவானவர்தான். கணிதத்தில் இரண்டாவது கறுப்பின முனைவரான டட்லி வுடார்ட் 1929-இல் ஹவார்டில் முதுகலைக் கணிதப் படிப்பைத் தொடங்கினார். அதில் சேர்ந்த முதல் மாணவர்களுள் ஒருவர் கிளேட்டர். தன்னுடைய ஆய்வு நெறியாளர் ஜான் கிளைனிடமே, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு, வுடார்ட் அவரை அனுப்பிவைத்தார். 1933-இல் கிளேட்டர் முனைவரானார். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் எதுவும் அவருக்கு நிலையான இடம் தரவில்லை. கணித மாநாடுகளுக்குப் போனால் மற்றவர்கள் தங்கும் ஓட்டலில் அவருக்கு அறை கிடையாது. ஊரில் யாராவது கறுப்பினக் குடும்பத்தார் வீட்டில் தங்கிக்கொண்டு வரவேண்டும். வுடார்டிடமிருந்து கிளேட்டருக்கு, கிளேட்டரிடமிருந்து கேத்தரினுக்கு என்று கைமாறிய அறிவுக்குப் பின்னால் இந்த அவமானங்களும் இருந்தன.

இரும்புக் காலணி

சட்டத் துறையில் இதே கதை இன்னும் உக்கிரமாக நடந்தது. அதன் நாயகர் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். 1895-இல் வாஷிங்டனில் பிறந்தவர். முதல் உலகப் போரில் அதிகாரியாகப் பிரான்ஸ் போனார். எதிரிப் படையைவிடத் தன் நாட்டு வெள்ளைச் சிப்பாய்களிடம் அவர் பட்ட அவமானமே அதிகம். உயிர் பிழைத்துத் திரும்பினால் சட்டம் படித்து, திருப்பி அடிக்க முடியாதவர்களுக்காக வாதாடுவது என்று அங்கேயே முடிவு செய்தார். ஹார்வர்ட் சட்டப் பள்ளியில் சேர்ந்து, அதன் புகழ்பெற்ற சட்ட இதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவரானார்.

1929-இல் ஹவார்ட் சட்டப் பள்ளியின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அப்போது அது மாலை நேரப் பள்ளி. பகலில் அரசு அலுவலகங்களிலும் தபால் நிலையங்களிலும் உழைத்துவிட்டு வந்தவர்கள் இரவில் படித்தார்கள். ஹூஸ்டன் மாலை வகுப்பை மூடி, முழுநேரப் படிப்பாக மாற்றினார். ஏழை மாணவர்களின் வயிற்றில் அடிக்கிறார் என்று பழைய மாணவர்களே கொதித்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. 1931-இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் பள்ளிக்குக் கிடைத்தது.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. தென் மாநிலங்களில் ஏறக்குறைய 90 லட்சம் கறுப்பின மக்களுக்கு, முழுநேரமாகத் தொழில் செய்யும் கறுப்பின வழக்கறிஞர்கள் நூறு பேருக்கு மேல் இல்லை என்று ஹூஸ்டன் கணக்கிட்டார். வழக்கறிஞர் என்பவர் சமூகத்தைச் செப்பனிடும் பொறியாளராக இருக்கவேண்டும், இல்லையென்றால் அவர் அதன்மேல் படரும் ஒட்டுண்ணி என்பது அவர் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம். முதல் நாளே, உன் இடப்பக்கம் பார், வலப்பக்கம் பார், அடுத்த ஆண்டு அவர்களில் ஒருவர் இருக்கமாட்டார் என்று எச்சரிப்பார். மாணவர்கள் அவருக்கு 'இரும்புக் காலணி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

அந்த மாணவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். பால்டிமோர்க்காரர். அவருடைய ஊரிலேயே மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி இருந்தது. கறுப்பினத்தவருக்கு அங்கே இடமில்லை. அதனால் தினமும் விடியுமுன் எழுந்து ரயிலேறி வாஷிங்டன் போய்ப் படித்தார். படிப்புச் செலவுக்காக அவருடைய தாய் நார்மா தன் கல்யாண மோதிரத்தை அடகு வைத்தார். கல்லூரியில் சற்று விளையாட்டுப் பிள்ளையாக இருந்த மார்ஷல், ஹூஸ்டனின் கண்டிப்பில் ஆளே மாறிப்போனார். 1933-இல் வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார்.

ஹூஸ்டன் நீதிமன்றங்களுக்கும் சிறைகளுக்கும் மாணவர்களைக் கூட்டிப்போனார். ராஸ்கோ பவுண்ட், கிளாரன்ஸ் டாரோ போன்ற பெரிய சட்ட மேதைகளை வரவழைத்துப் பேசவைத்தார். வெள்ளைக்கார வழக்கறிஞர் அளவுக்கு இருந்தால் போதாது, அவரைவிட மேலாக இருந்தால்தான் நீதிபதி காதுகொடுப்பார் என்று பழக்கினார். எதிர்த்தரப்பு குறைசொல்ல ஒரு காற்புள்ளிகூட மனுவில் தவறியிருக்கக் கூடாது. அவர் காட்டிய கண்டிப்பு அத்தனையும் அந்தப் பிள்ளைகள்மேல் வைத்த அக்கறை.

பட்டம் கொடுத்ததோடு உறவு முடியவில்லை. 1930-களின் நடுவில் ஆசிரியரும் மாணவரும் ஒரே காரில் தென் மாநிலங்களைச் சுற்றினார்கள். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் எந்த லட்சணத்தில் இருந்தன என்பதைப் பதிவு செய்தார்கள். ஓட்டல்கள் இடம் தராததால் மக்கள் வீடுகளில் தங்கினார்கள். தட்டச்சுப் பொறியும் கூடவே பயணம் செய்தது. பிறகு இருவரும் சேர்ந்து டொனால்ட் முர்ரே என்ற மாணவருக்காக வழக்குத் தொடுத்தார்கள். 1935-இல் கீழ் நீதிமன்றத்திலும் 1936 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். எந்தச் சட்டப் பள்ளியில் தனக்கு இடமில்லாமல் மார்ஷல் ரயிலேறிப் போனாரோ, அதே மேரிலாந்து சட்டப் பள்ளியின் கதவு திறந்தது.

அந்த ஆண்டு மார்ஷலின் கையில் காசில்லை. ஏழைகளின் வழக்குகள் வீட்டு வாடகைக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை. நிலைமையை ஹூஸ்டனுக்கு எழுதினார். கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தின் சட்டப் பிரிவை நியூயார்க்கில் அப்போது ஹூஸ்டன் நடத்திவந்தார். சங்கத்தில் பேசி, மாதம் 200 டாலர் சம்பளத்தில் மாணவரைத் தன் உதவியாளராக வரவழைத்துக்கொண்டார். இரண்டே ஆண்டில் அந்தப் பொறுப்பு முழுவதையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு வாஷிங்டன் திரும்பினார்.

1938-இல் மிசூரி மாநிலத்தின் லாய்ட் கெய்ன்ஸ் வழக்கை ஹூஸ்டன் உச்ச நீதிமன்றத்தில் வாதாடி வென்றார். மாநிலத்துக்குள்ளேயே சமமான படிப்பைத் தரவேண்டும், வெளிமாநிலத்துக்குப் பணம் கொடுத்து அனுப்பித் தப்பிக்க முடியாது என்றது தீர்ப்பு. அதன் விளைவாக மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் தன் முதுகலை வகுப்பில் மூன்று கறுப்பின மாணவர்களைச் சேர்க்க முன்வந்தது. அந்த மூவரில் ஒருவர் யார் தெரியுமா? கிளேட்டரின் ஒற்றை மாணவி கேத்தரின். ஒரு பேராசிரியர் தயார்செய்த மாணவிக்கு, அவர் பார்த்திராத இன்னொரு பேராசிரியர் வழி திறந்துவிட்டார்.

பத்து டாலர் பந்தயம்

இந்த உறவுகள் எல்லாமே பழுதற்றவை என்று எழுதினால் அது வரலாறாகாது. 1941-இல் பாலி மரே ஹவார்ட் சட்டப் பள்ளியில் சேர்ந்தார். அவரை அங்கே வரச்சொல்லி ஊக்கப்படுத்தியவர் பேராசிரியர் லியான் ரான்சம். வகுப்பில் மரே ஒருவர்தான் பெண். பெண்கள் எதற்குச் சட்டம் படிக்க வருகிறார்கள் என்று தெரியவில்லை என்று முதல் நாளே ஒரு பேராசிரியர் சொன்னார், வகுப்பு சிரித்தது. நிறவெறியின் வலி தெரிந்த இடத்திலேயே இன்னொரு வேலி இருந்தது. தெற்கின் நிறப் பாகுபாட்டை மக்கள் 'ஜிம் க்ரோ' என்றார்கள். பெண்ணுக்கு இழைக்கப்படும் பாகுபாட்டுக்கு மரே 'ஜேன் க்ரோ' என்று பெயர் வைத்தார். 1944-இல் வகுப்பின் முதல் மாணவராகவே தேறினார்.

இறுதியாண்டில் அவர் ஒரு வாதத்தை முன்வைத்தார். தனித்தனி ஆனால் சமம் என்று 1896-இல் பிளெஸ்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையே நேராகத் தாக்கவேண்டும், சமமில்லை என்று மட்டும் காட்டிக்கொண்டிருந்தால் போதாது என்றார். சக மாணவர்கள் சிரித்தார்கள். பேராசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனுக்கும் நம்பிக்கை வரவில்லை. 25 ஆண்டுக்குள் அந்தத் தீர்ப்பு கவிழும் என்று மரே அவரோடு பத்து டாலர் பந்தயம் கட்டினார். கருத்தரங்கக் கட்டுரையாகவும் அந்த வாதத்தை எழுதிக் கொடுத்தார்.

ராபின்சன் அந்தக் கட்டுரையை எறிந்துவிடவில்லை. பள்ளிகளில் நிறப் பிரிவினையை எதிர்த்த 'பிரவுன்' வழக்குக்காகத் தர்குட் மார்ஷலின் குழு தயாரானபோது அதை எடுத்துப் பயன்படுத்தினார். பிளெஸ்ஸி கவிழப் பத்தே ஆண்டுதான் ஆயிற்று. தன் கட்டுரைக்கு நேர்ந்த கதை மரேவுக்குத் தெரியவந்தது 1960-களில், ராபின்சனைச் சந்திக்கப் போனபோதுதான். ஆசிரியர் மாணவரிடம் கற்றுக்கொண்டார், ஆனால் அதை உரிய காலத்தில் மாணவரிடம் சொல்லத் தவறினார். இரண்டும் உண்மை.

உயிரியலாளர் ரோஜர் ஆர்லைனர் யங்கின் வாழ்வு இன்னும் கசப்பானது. ஹவார்டில் எர்னஸ்ட் ஜஸ்டின் மாணவி, பிறகு அவருடைய துறையிலேயே ஆசிரியை, வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வுக்கூடத்தில் அவருடைய ஆய்வுத் துணை. பாடச்சுமை அவர்மேல் ஏறிக்கொண்டே போனது. சிகாகோவில் முனைவர் படிப்புக்கான தேர்வில் தவறினார். ஜஸ்டுடன் உறவு முறிந்தது, 1936-இல் வேலை போனது. 1940-இல் பென்சில்வேனியாவில் முனைவர் பட்டம் பெற்று, விலங்கியலில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணானார். கைதூக்கிவிட்ட அதே உறவு சுமையாகவும் ஆகக்கூடும் என்பதற்கு அவர் வாழ்வு சாட்சி.

செவ்வாய்க்கிழமை உரைகள்

அட்லான்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரிக்கு 1940-இல் தலைவராக வந்தவர் பெஞ்சமின் மேஸ். அடிமைகளாகப் பிறந்த பெற்றோரின் கடைசிப் பிள்ளை. பருத்திக் காட்டிலிருந்து படித்து மேலேறி, சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவரானவர். செவ்வாய்க்கிழமைதோறும் கல்லூரி வழிபாட்டுக் கூடத்தில் மாணவர்களிடம் பேசுவார். 1944-இல் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவன் உரை முடிந்ததும் அவர் பின்னாலேயே போய் விவாதிப்பான். சில கருத்துகளை ஒப்புக்கொள்வான், சிலவற்றை மறுப்பான். பையனின் பெயர் மார்ட்டின் லூதர் கிங்.

மருத்துவமா சட்டமா என்று தடுமாறிய கிங், படித்தவனுக்கும் கிறித்தவ ஊழியம் தகும் என்று தெளிந்தது மேஸையும், சமயத் துறைப் பேராசிரியர் ஜார்ஜ் கெல்சியையும் பார்த்துத்தான். மேஸைத் தன் ஆன்மிக வழிகாட்டி என்றே பின்னாளில் அழைத்தார்.

மேஸிடம் இந்தியாவின் அனுபவமும் இருந்தது. மைசூரில் நடந்த ஒய்.எம்.சி.ஏ. உலக மாநாட்டுக்காக 1936-ஆம் ஆண்டின் கடைசியில் வந்தவர், காந்தியைச் சந்தித்து ஒன்றரை மணி நேரம் அகிம்சை பற்றியும் சாதி பற்றியும் கேள்விகள் கேட்டார். மைசூரில் தீண்டாமைக்கு ஆளான சமூகத்துப் பிள்ளைகளின் பள்ளிக்குப் போனபோது, தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவின் தீண்டப்படாதவர் என்று அறிமுகம் செய்தார். முதலில் மேஸுக்கு முகம் சுருங்கியது. யோசித்தபோது அது உண்மைதான் என்று பட்டது. 1959-இல் கேரளப் பயணத்தில் ஒரு பள்ளியில் தனக்கும் இதே அறிமுகம் கிடைத்ததையும், தனக்குள் இதே மாற்றம் நிகழ்ந்ததையும் கிங் ஒரு பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார்.

மேஸ் இளம் ஆசிரியராக மோர்ஹவுஸில் 1920-களில் பாடம் எடுத்தபோது அவரிடம் படித்த ஹவார்ட் தர்மனும் இந்தப் பக்கம் வந்தவர்தான். 1935-36-இல் இலங்கை, இந்தியா, பர்மா சென்ற கறுப்பினக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். கொழும்புச் சட்டக் கல்லூரியில் அவர் பேசி முடித்ததும், உங்களை அடிமைப்படுத்தியவர்களின் மதத்தை நீங்கள் எப்படிச் சுமக்கிறீர்கள் என்று ஒருவர் நேருக்கு நேர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாக அவர் எழுதிய 'இயேசுவும் உரிமையிழந்தோரும்' என்ற பொருள்படும் நூல் 1949-இல் வந்தது. கிங் முனைவர் படிப்பில் இருந்த பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கே தர்மன் 1953-இல் வழிபாட்டுத் தலைவராக வந்து சேர்ந்தார்.

மேஸ் என்ற ஆசானின் உண்மையான சோதனை 1956 பிப்ரவரியில் வந்தது. நிறப் பாகுபாட்டை எதிர்த்து நடந்த மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்புக்காகக் கிங் உள்ளிட்ட பலர்மேல் வழக்குப் பாய்ந்த நேரம். கிங் அட்லான்டாவில் இருந்தார். திரும்பிப் போனால் மகனைக் கொன்றுவிடுவார்கள் என்று அஞ்சிய தந்தை, நகரத்துப் பெரியவர்களை வீட்டுக்கு அழைத்து மகனுக்குப் புத்தி சொல்லச் சொன்னார். வந்தவர்கள் பலரும் தந்தையின் பக்கமே பேசினார்கள். போராடும் மக்களைக் கைவிட்டு ஒளிந்துகொள்ள முடியாது என்றார் 27 வயதுக் கிங். அறை அமைதியானது. தந்தை அழுதேவிட்டார். கிங் தன் ஆசானைத் திரும்பிப் பார்த்தார். மேஸ் உடனே அவருடைய முடிவை ஆதரித்துப் பேசினார். அதன்பிறகுதான் மற்றவர்களும் இறங்கிவந்தார்கள். அங்கிருந்த வழக்கறிஞர் ஒருவர் நியூயார்க்கிலிருந்த தர்குட் மார்ஷலைத் தொலைபேசியில் அழைத்து, கிங்குக்குச் சட்டப் பாதுகாப்புக்கான உறுதியைப் பெற்றார். மேஸின் மாணவருக்கு ஹூஸ்டனின் மாணவர் துணைநின்றார்.

நம்மில் யார் முந்திப் போனாலும் மற்றவர் இரங்கலுரை ஆற்றுவது என்று மேஸும் கிங்கும் பேசி வைத்திருந்தார்கள். 1968 ஏப்ரல் 9 அன்று மோர்ஹவுஸ் வளாகத்தில், 39 வயதில் சுட்டுக் கொல்லப்பட்ட மாணவருக்கு எழுபதைக் கடந்த ஆசான் அந்த உரையை ஆற்றினார்.

பாடத்திட்டத்துக்கு வெளியே

இலக்கியத்தில் இந்த மரபின் தொடக்கத்தில் ஆலன் லாக் நிற்கிறார். 1907-இல் ரோட்ஸ் உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பினத்தவர். ஹவார்டில் அவர் தொடங்க உதவிய 'ஸ்டைலஸ்' மாணவர் இதழில்தான் ஜோரா நீல் ஹர்ஸ்டனின் முதல் கதை 1921-இல் வந்தது. நான்காண்டு கழித்துத் தன்னுடைய புகழ்பெற்ற தொகுப்பிலும் அவருடைய கதையை லாக் சேர்த்தார். ஹர்ஸ்டனின் முக்கிய நாவல் வெளிவந்தபோது லாக் எழுதிய மதிப்புரை அவரைக் காயப்படுத்தியது. ஆசான் என்றும் பாராமல் கடுமையாகப் பதில் எழுதினார். மாணவி தன் வழியில் போகத் துணிந்துவிட்டதற்கு அந்தக் கோபமும் ஓர் அடையாளம்.

1929 முதல் நாற்பது ஆண்டு ஹவார்டில் ஆங்கிலம் கற்பித்த கவிஞர் ஸ்டெர்லிங் பிரவுனுடைய முறை வேறு. வகுப்பில் ஷேக்ஸ்பியர் நடத்துவார். வகுப்பு முடிந்தபின் ஆர்வமுள்ள மாணவர்களைக் கூட்டி ப்ளூஸ், ஜாஸ் இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டுவார். அன்றைய கறுப்பினக் கல்லூரிகள் கனவான்களை உருவாக்குவதில் குறியாக இருந்தன. வயல்காட்டுப் பாட்டும் மதுக்கடை இசையும் அவற்றுக்குக் கூச்சம் தந்தன. அந்த இசைத்தட்டு அலமாரியைக் காட்டி, இதுதான் உங்கள் வரலாறு என்று பிரவுன் உணர்த்தியதாக அவருடைய மாணவரான எழுத்தாளர் அமிரி பராக்கா நினைவுகூர்ந்திருக்கிறார். ப்ளூஸ் வழியாகவே கறுப்பின வரலாற்றைச் சொன்ன பராக்காவின் நூல் 1963-இல் வெளிவந்தது.

1953-இல் ஹவார்டில் பட்டம் பெற்ற டோனி மாரிசனும் பிரவுன் காலத்து மாணவிதான். ஷேக்ஸ்பியரில் வரும் கறுப்பினப் பாத்திரங்களைப் பற்றிக் கட்டுரை எழுதட்டுமா என்று கேட்டபோது வேறொரு பேராசிரியர் அதிர்ந்துபோனதாக மாரிசன் சொல்லியிருக்கிறார். அந்தச் சூழலில் பிரவுனைப் போன்றவர்களின் அருமை புரியும். 1957-இல் மாரிசன் ஹவார்டுக்கே ஆசிரியையாகத் திரும்பினார். அவருடைய வகுப்பில் அமர்ந்தவர்களில் ஒருவர், பின்னாளில் 'பிளாக் பவர்' முழக்கத்தை நாடெங்கும் ஒலிக்கச் செய்த ஸ்டோக்லி கார்மைக்கேல்.

கதவு திறந்த பிறகு

ஹூஸ்டன் 1950 ஏப்ரலில் 54 வயதில் இறந்தார். 1954 மே 17 அன்று 'பிரவுன்' தீர்ப்பு வந்தது. மார்ஷலும், அவரோடு வாதாடிய ராபர்ட் கார்ட்டர், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் ஆகியோரும் ஹவார்ட் சட்டப் பள்ளியில் உருவானவர்கள். உச்ச நீதிமன்றத்தில் பேசுமுன் அப்பள்ளியிலேயே ஒத்திகை பார்த்தார்கள். பேராசிரியர்கள் நீதிபதிகளாக அமர்ந்து கேள்விகளால் துளைத்தார்கள். அந்த வழக்குகளில் உழைத்த சுமார் இரண்டு டஜன் வழக்கறிஞர்களில் ஹூஸ்டனின் கைபடாதவர்கள் இருவர்தான் என்று மார்ஷல் பிற்பாடு சொன்னார். 1967-இல் அவர் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

தீர்ப்புக்குப் பிறகு மாணவர்கள் மெல்ல மெல்ல வெள்ளையர் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்தார்கள். ஆசிரியர்களால் அதே வேகத்தில் நுழைய முடியவில்லை. கறுப்பினக் கல்லூரியில் கிடைத்த ஆசிரியரின் துணை மாணவர்களுக்கு அங்கே இல்லாமல் போனது. தீர்ப்புக்கு முன், ஃபிஸ்க் கல்லூரியில் கறுப்பினக் கணிதவியலாளர் ஈவ்லின் பாய்ட் கிரான்வில் 1950 முதல் இரண்டே ஆண்டு கணிதம் கற்பித்தார். அந்தக் குறுகிய காலத்தில் அவரிடம் படித்த இருவர், விவியன் மலோன்-மேஸும் எட்டா ஃபால்கனரும், கணிதத்தில் முனைவரானார்கள். டெக்சஸில் ஆராய்ச்சி செய்த மலோன்-மேஸுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் அந்த இரண்டு ஆண்டுகளின் மதிப்பு விளங்கும். ஒரு பேராசிரியர் அவரைத் தன் வகுப்பில் சேர்க்கவே மறுத்தார். சக மாணவர்கள் கணிதம் பேசக் கூடிய காப்பிக் கடைக்குள் கறுப்பினத்தவருக்கு அனுமதி இல்லை. ஃபால்கனரோ அட்லான்டாவின் ஸ்பெல்மன் பெண்கள் கல்லூரியில் பல பத்தாண்டுகள் பணியாற்றி, தலைமுறை தலைமுறையாகப் பெண்களை அறிவியல் ஆராய்ச்சிக்கு அனுப்பிவைத்தார்.

1968 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் தொடங்கி ஏறக்குறைய ஐந்து மாதம் நீடித்த மாணவர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கறுப்பினவியல் துறையும் அதற்கான ஆசிரியர் நியமனமும் முன்னணியில் இருந்தன. தங்களைத் தெரிந்த ஒருவர் கரும்பலகையின் முன் நிற்கவேண்டும் என்பதே மாணவர்கள் கேட்டது.

அந்தக் கோரிக்கை இன்னும் தீரவில்லை. இன்று அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் எட்டில் ஒருவர் கறுப்பினத்தவர். முழுநேர ஆசிரியர்களில் அவர்கள் ஏறக்குறைய 15 பேருக்கு ஒருவர்தான். பத்தில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் படிப்பது கறுப்பினக் கல்லூரிகளுக்கு வெளியே. துறைக்கு ஒருவராக இருக்கும் கறுப்பினப் பேராசிரியரின் அறைக் கதவை, அவரிடம் பாடம் படிக்காத மாணவர்களும் வந்து தட்டுகிறார்கள். வீட்டுப் பிரச்சினை, பணத் தட்டுப்பாடு, வகுப்பில் பட்ட அவமானம் எல்லாம் அங்கே வந்து இறங்குகின்றன. பதவி உயர்வுக் குழு கட்டுரைகளை எண்ணுகிறது, இந்த மணிநேரங்களை எண்ணுவதில்லை. சிறுபான்மை ஆசிரியர்கள் சுமக்கும் இந்தக் கூடுதல் வேலைக்கு உளவியலாளர் அமாடோ படில்லா 1994-இல் 'பண்பாட்டு வரி' என்று பெயரிட்டார்.

இதைத் தனிமனிதரின் தியாகமாக விட்டுவிடாமல் அமைப்பாகவே நடத்திக் காட்டியவர் ஃப்ரீமன் ராபவ்ஸ்கி. 1963-இல் பர்மிங்காம் சிறுவர் பேரணியில் 12 வயதில் கைதானவர். மேரிலாந்தின் பால்டிமோர் கவுன்ட்டி பல்கலைக்கழகத்தில், ராபர்ட் மேயர்ஹாஃபின் நன்கொடையோடு அவர் 1988-இல் உருவாக்கிய மேயர்ஹாஃப் திட்டம் அடுத்த ஆண்டு 19 மாணவர்களோடு தொடங்கியது. கூட்டாகப் படிப்பது, ஆரம்பத்திலேயே ஆய்வகத்தில் கைவைப்பது, பேராசிரியர்கள் நெருங்கிக் கவனிப்பது என்று எல்லாமே திட்டத்தின் பகுதி. அதில் படித்தவர்களுள் ஒருவர் கிஸ்மேகியா கார்பெட். மாடர்னா கோவிட் தடுப்பூசிக்கு அடிப்படையான ஆராய்ச்சியில் முன்னின்றவர்.

கிளேட்டருக்கு அப்படியொரு அமைப்பு வாய்க்கவில்லை. பிற்பாடு ஹவார்டுக்கே திரும்பிப் பாடம் நடத்தினார். முதன்மையான ஆய்விதழில் அவர் பெயரில் வந்த கட்டுரைகள் இரண்டுதான், 1934-இல் ஒன்று, 1937-இல் ஒன்று. 1967-இல் இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து அப்போலோ 11 நிலவுக்குப் போனது. அந்தப் பயணத்துக்கான கணக்குகளில், இன்ஸ்டிட்யூட் என்ற சிற்றூரில் அவர் தனியாக உட்காரவைத்துக் கற்பித்த மாணவியின் கணக்கும் இருந்தது.